வீட்டுக்கொரு விளக்கு
(புனித சவேரியார் பிறந்த பாஸ்க் நாட்டின் சிற்றூர் வாழ்வு)



நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் சவேரியார், சேவியர், சவேரியம்மாள் என்னும் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் காணக் கிடைக்கும். பாதுகாவலரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது நம் முன்னோர் காத்து வந்த நல்வழக்கம். ஆனால் அப்பெயரின் பொருள் என்ன என்று நாம் கேட்டதுண்டா?

'சேவியர்' என்பது முதலில் ஆளின் பெயரே அன்று; அது ஒரு வீட்டின் பெயர். பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதியது. 'எச்சேபெர்ரி' என்னும் சொல்லே நாளடைவில் திரிந்து 'சேவியர்' என்றாயிற்று. பிள்ளையைச் சேவியரே என்று கூப்பிடும் தாய், தான் அறியாமலே 'புது வீடே' என்று கூப்பிடுகிறாள். ஒரு மனிதரை அவருடைய வீட்டின் பெயரால் அழைத்த அந்த மக்கள் எத்தகையவர்? அவர்களுடைய கிராமங்களில் வாழ்க்கை எப்படி நடந்தது? இந்த விழா மலரில் அதைப் பற்றிச் சிறிது சிந்திப்பது நமக்குப் பயன் தரும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நாடும் மொழியும்

ஸ்பெயின் நாட்டையும் பிரான்ஸ் நாட்டையும் பிரித்து நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரின் மேற்குக் கோடியில், கடலோரத்தை ஒட்டி அமைந்தது பாஸ்க் நாடு. ஏழு மாநிலங்கள், அவற்றுள் நான்கு ஸ்பெயினிலும் மூன்று பிரான்சிலும் உள்ளன. மழை மிகுந்த பச்சை மலைகள், குறுகிய பள்ளத்தாக்குகள், சரிவுகளில் தனித்தனியே நிற்கும் பண்ணை வீடுகள் ஆகியவையே அந்நாட்டின் தோற்றம். புனித இஞ்ஞாசியார் 1491-ஆம் ஆண்டில் பிறந்த லொயோலாவும், புனித சவேரியார் 1506 ஏப்ரல் 7-ஆம் நாள் பிறந்த சேவியர் கோட்டையும் இந்நாட்டைச் சேர்ந்தவையே.

இம்மக்கள் பேசும் மொழிக்கு எவுஸ்கரா என்று பெயர். அக்கம்பக்கத்து ஸ்பானிய, பிரெஞ்சு மொழிகளோடு இதற்கு உறவில்லை; உலகின் வேறு எந்த மொழியோடும் இதற்கு உறவு உண்டென்று இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. இன்று 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் இம்மொழியைப் பேசுகின்றனர்.

இவ்வூர்களின் வாழ்வை நாம் இவ்வளவு விரிவாக அறிந்திருப்பதற்குக் காரணம் ஒரு குருவானவர். அவர்தான் ஹோசே மிகுவேல் பாரண்டியாரன் அடிகளார். கிப்புஸ்கோவா மாநிலத்தில், அராலார் மலையடிவாரத்தில் உள்ள அத்தாவுன் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டில் 1889 டிசம்பர் 31-ஆம் நாள் பிறந்தார். 1914-இல் குருப்பட்டம் பெற்று, வித்தோரியா குருமடத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். ஊர் ஊராக நடந்து முதியோரிடம் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்தார். தம் மாணவர்களையும் அவ்வாறே செய்யப் பழக்கினார். 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது நாட்டைவிட்டு வெளியேறி, எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுப் பகுதியில் உள்ள சாரா முதலிய ஊர்களில் தங்கினார்; அங்கும் தம் ஆய்வை நிறுத்தவில்லை. 1953-இல் ஊர் திரும்பி, தம் இல்லத்துக்குத் தமக்குப் புகலிடம் தந்த 'சாரா'வின் பெயரையே சூட்டினார். 1991 டிசம்பரில், 102 வயது நிறைவதற்குப் பத்து நாள்கள் இருக்கையில், இறைவனடி சேர்ந்தார்.

வீடே குடும்பத்தின் தலை

அத்தாவுன் போன்ற ஊர்களில் நம் ஊர்களைப் போலத் தெருத்தெருவாக வீடுகள் நெருங்கி நிற்பதில்லை. கோயிலைச் சுற்றிச் சில வீடுகள். மற்றவை மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் பெரிய கல் வீடு. அகன்ற ஒரே கூரையின் கீழ், கீழ்த்தளத்தில் அடுப்படியும் அருகே மாட்டுத் தொழுவமும், மேலே வைக்கோலும் தானியமும் வைக்கும் இடமும் இருக்கும். வாசற்கதவில் 'சூரியப் பூ' என்று அவர்கள் அழைக்கும் காய்ந்த முட்பூ ஒன்று, தீமை அணுகாதபடி அறையப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. மேல் வீடு, புது வீடு, பாலத்தடி வீடு என்பது போல அமைந்த அப்பெயர்களே குடும்பப் பெயர்களாயின. ஒருவர் மற்றொரு வீட்டுக்கு மணமாகிப் போனால் ஊரார் அவரை அந்தப் புதிய வீட்டின் பெயராலேயே அழைத்தனர். மனிதர் வருவர், போவர். வீடு நிற்கும் என்பதே அவர்கள் எண்ணம்.

ஆகவே சொத்தைப் பிள்ளைகளுக்குள் பங்கிட்டுச் சிதைக்கும் வழக்கம் அங்கு இல்லை. வீடு, நிலம், கால்நடை, கோயிலில் உள்ள உரிமை ஆகிய யாவும் ஒரே பிள்ளைக்குப் போயின. அந்தப் பிள்ளை மகனாக இருக்கலாம். பல ஊர்களில் மகளாகவும் இருக்கலாம். பெண்ணுக்குச் சொத்துரிமை பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே பெண் வீட்டுக்கு வாரிசானாள்.

ஆனால் மற்றப் பிள்ளைகளின் கதி? அவர்களுக்குச் சிறு பங்குப் பணம் கிடைத்தது. பிறகு அவர்கள் வெளியேற வேண்டியதுதான். சிலர் கடலோடிகளாயினர், பலர் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறினர், சிலர் குருமடத்திலும் துறவற மடங்களிலும் சேர்ந்தனர். எங்கும் போகாதவர் அண்ணன் அல்லது அக்காள் வீட்டில் மணமாகாமலே உழைத்து முதுமையடைந்தனர். அந்நாட்டின் மறைபரப்புப் பணியாளர்களும் புலம்பெயர்ந்தோரும் பெரும்பாலும் இத்தகைய இளைய பிள்ளைகளே. நம் சவேரியாரும் தம் வீட்டில் கடைக்குட்டி. 1525-இல் பாரிஸ் நகருக்குப் படிக்கப் போனவர், பின்னர் அந்தப் 'புது வீட்டின்' வாசலை மிதிக்கவே இல்லை.

கோயிலுக்குள் ஒரு வீடு

பாஸ்க் கிராமத்தின் தனிச்சிறப்பு எது என்று கேட்டால், கோயிலின் தரையைக் காட்ட வேண்டும். பழங்காலத்தில் இறந்தோரைக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தனர். ஒவ்வொரு வீட்டுக்கும் கோயில் தரையில் ஓரிடம் உரிமையாக இருந்தது. வீட்டின் கல்லறையும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெண் அமரும் இடமும் அதுவே. 1787-இல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸ், கோயிலுக்குள் அடக்கம் செய்வதைச் சுகாதாரம் கருதித் தடை செய்தார். உடல்கள் வெளியே கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. ஆயினும் அந்த இடங்கள் போகவில்லை. மக்கள் தொடர்ந்து அங்கேயே தங்கள் இறந்தோருக்காக மன்றாடினர்.

அந்த இடத்துக்குப் பொறுப்பாளி 'எச்சேகோ ஆந்திரே', அதாவது வீட்டுத் தலைவி. திருப்பலியின்போது அவர் அங்கே முழங்காற்படியிட்டு, தம் வீட்டு இறந்தோருக்காக மெழுகுதிரி ஏற்றுவார். அப்பமும் காணிக்கையாகச் செலுத்துவார். மெல்லிய நீண்ட மெழுகுதிரியைச் சித்திர வேலைப்பாடு செய்த மரப்பலகை ஒன்றில் நூல்கண்டு போலச் சுற்றி வைத்திருப்பர். 'அர்கிசயோலா' என்று பெயர் பெற்ற இப்பலகை விளக்குகளை ஏற்றும் வழக்கத்துக்கு, அத்தாவுனைப் போன்றே அராலார் மலையடிவாரத்தில் உள்ள அமெஸ்கெட்டா என்னும் ஊர் இன்றும் பெயர் பெற்றது. புதிதாக வந்த மருமகளை மாமியார் கோயிலுக்கு அழைத்துச் சென்று இவ்விடத்தைக் காட்டி, விளக்கை ஒப்படைப்பார். சாவியை விட அந்த விளக்கே அவளை வீட்டுத் தலைவியாக்கியது.

வீடு விற்கப்பட்டால் கோயிலில் உள்ள இடமும் வீட்டோடு சேர்ந்தே கைமாறியது. வாங்கியவர், தமக்கு இரத்த உறவே இல்லாத பழைய குடும்பத்தின் இறந்தோருக்காகவும் விளக்கேற்றக் கடமைப்பட்டார். எத்தகைய ஆழமான எண்ணம்! நாம் நிலம் வாங்கும்போது பத்திரத்தையும் பட்டாவையும் பார்க்கிறோம். அவர்கள் அங்கு வாழ்ந்து மறைந்த ஆன்மாக்களையும் சேர்த்து ஏற்றுக்கொண்டனர்.

மரணம் நேர்ந்தால் முதலில் தகவல் போவது உறவினருக்கு அன்று, 'முதல் அயலாருக்கு'. எந்த வீட்டுக்கு எந்த வீடு முதல் அயல் என்பது தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டது. சண்டையோ மனத்தாங்கலோ இருந்தாலும் அக்கடமை நீங்காது. குருவானவரை அழைப்பது, மணியடிக்கச் சொல்வது, உறவினருக்கு ஆளனுப்புவது ஆகிய யாவும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கோயிலுக்குச் செல்லும் சவப்பாதை ஒன்று உண்டு. எவ்வளவு சுற்றானாலும் அவ்வழியேதான் உடலைக் கொண்டு செல்வர். வீட்டுத் தலைவர் இறந்துவிட்டதையும், கோயில் விளக்குக்கு மெழுகு தேவை என்பதையும் தேனீக்களிடம் போய்த் தெரிவிக்கும் வழக்கமும் இருந்தது. தேனீயும் அவர்களுக்கு வீட்டாருள் ஒருவரே.

ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த பச்சிளங் குழந்தைகளை அக்காலத்தில் மந்திரித்த நிலத்தில் அடக்கம் செய்ய இடம் தரப்படவில்லை. தாய்மார் அவர்களைத் தம் வீட்டுக் கூரையின் தாழ்வாரத்தடியில் அடக்கம் செய்தனர். கோயிலில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு வீடே கோயிலாயிற்று.

உழைப்பும் திருநாளும்

சரிவான நிலத்தில் ஏர் ஓட்டுவது கடினம். ஆகவே 'லாயா' என்னும் இருபல் கருவியை இரு கைகளிலும் பிடித்து, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று மண்ணைக் கிளறிப் புரட்டினர். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் அவர்களது முக்கிய உணவாயிற்று; அம்மாவில் தட்டிச் சுட்ட 'தாலோ' என்னும் ரொட்டி நம் ஊர்ச் சோள ரொட்டியை நினைவூட்டும். ஆப்பிள் தோட்டமும் அதன் பழரசத்திலிருந்து வடித்த மதுவும் உண்டு. கோடையில் ஆடுகளை அராலார் மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று பாற்கட்டி செய்தனர். அத்தாவுனுக்குப் பக்கத்து ஊராகிய இதியாசபாலின் பெயரால் அப்பாற்கட்டி இன்று உலகெங்கும் விற்பனையாகிறது.

'அவுசோலான்' என்பது அயலார் கூடிச் செய்யும் வேலை. பாதை செப்பனிடுதல், பாலம் கட்டுதல், கோயிலைப் பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் கூலியின்றி வரவேண்டும். பெரிய வீடானாலும் சிறிய வீடானாலும் ஓர் ஆள்தான். பிஸ்காயா மாநிலத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முன்மண்டபத்திலேயே வீட்டுத் தலைவர்கள் கூடி ஊர்க் காரியங்களைத் தீர்மானித்தனர். அதனால் அங்கே ஊராட்சிக்கே 'கோயில்முன்' என்று பொருள்படும் பெயர் ஏற்பட்டது.

திருநாள்களும் குறைவில்லை. பிப்ரவரி 2-ஆம் நாள் மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்த திரியை வீட்டில் பத்திரப்படுத்தி, இடிமழையின்போதும் மரணப் படுக்கையின் அருகிலும் ஏற்றினர். பிப்ரவரி 4-ஆம் நாள் மாலை, புனித ஆகத்தம்மாள் திருநாளின் முன்னிரவில், இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, கைத்தடியால் தரையில் தாளமிட்டுப் பாடினர். குருத்து ஞாயிறன்று மந்திரித்த இலைக்கொத்துகள் வயலையும் வீட்டையும் காத்தன. ஜூன் 23-ஆம் நாள் இரவு புனித அருளப்பர் திருநாள் நெருப்பு மூட்டப்பட்டது. கிறிஸ்துமஸ் இரவில் பெரிய மரக்கட்டை ஒன்று அடுப்பில் எரிந்தது. 'பெர்ச்சோலாரி' என்னும் ஆசுகவிகள், கொடுத்த பொருளில் அந்த நொடியிலேயே பாட்டுக் கட்டிப் பாடினர்; இக்கலை இன்றும் அங்கு செழித்திருக்கிறது. மரம் வெட்டுதல், பாறாங்கல் தூக்குதல் ஆகிய வேலைகளே போட்டி விளையாட்டுகளாயின.

அத்தாவுன் மக்கள் சொல்லிவந்த பழங்கதை ஒன்றைப் பாரண்டியாரன் அடிகளார் பதிவு செய்துள்ளார். கிறிஸ்து பிறக்குமுன் மலையில் 'ஜென்டில்' என்னும் பூதவலிமை படைத்த இனத்தார் வாழ்ந்தனராம். ஒருநாள் கிழக்கே ஓர் அதிசய ஒளி தோன்றிற்று. அவர்களுள் முதியவர் ஒருவர் அதைப் பார்த்து, கிறிஸ்து பிறந்துவிட்டார், நம் காலம் முடிந்தது என்றார். உடனே அனைவரும் ஓடி, ஒரு பெருங்கற்பலகையின் கீழ் மறைந்துபோயினராம். தம் முன்னோரின் மலைக் கல்லறைகளைப் பார்த்து ஒரு கிறிஸ்தவ மக்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட வரலாறு இது.

இடம் மறுக்கப்பட்டவர்கள்

இத்தனை அழகையும் சொல்லிவிட்டு, இதன் நிழலைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கோயிலில் வீட்டுக்கோர் இடம் என்றிருந்த அதே நாட்டில், மற்றவரோடு சமமாக அமர இடம் மறுக்கப்பட்டவர்களும் இருந்தனர். அவர்கள் 'அகோத்தே' எனப்பட்டனர். நவார் நாட்டின் பாஸ்தான் பள்ளத்தாக்கில், அரிஸ்குன் என்னும் ஊரின் பொசாத்தே பகுதி அவர்களது குடியிருப்பு. நிறத்தாலோ மொழியாலோ மறையாலோ அவர்கள் மற்றவரிலிருந்து வேறுபட்டவர் அல்லர். தச்சு வேலையும் கல் வேலையும் செய்தனர். மற்றவருடைய விழாக்களில் மேளமும் குழலும் வாசித்தனர். ஆயினும் அவர்களோடு மற்றவர் மணஉறவு கொள்வதில்லை. கோயிலில் அவர்களுக்குப் பின்பகுதியே இடம். பல ஊர்களில் தனி வாசலும் தனித் தீர்த்தத்தொட்டியும் இருந்தன.

அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. கோயிலில் தங்களை மற்றக் கிறிஸ்தவர்களைப் போல் நடத்துவதில்லை என்று பாப்பரசர் பத்தாம் சிங்கராயருக்கு முறையிட்டனர். அவர்களைச் சமமாக நடத்த வேண்டும் என்று 1515-இல் பாப்பரசர் ஆணை பிறப்பித்தார். பாப்பரசரின் ஆணை வந்தும் ஊரார் மனம் மாறவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவார் நாட்டுச் சட்டம் மீண்டும் இதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. ஒதுக்குதலோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

இந்தப் பாஸ்தான் பள்ளத்தாக்கில்தான் நம் சவேரியாருடைய தாயார் மரியா தெ அஸ்பில்குவெத்தாவின் பூர்விக வீடும் இருந்தது. கடற்கரைக் குப்பங்களில் ஏழைப் பரதவரோடு தங்கி, சிறுவர்களைக் கூட்டிச் செபம் கற்பித்த புனிதர், இத்தகைய வேலிகளும் நிறைந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. கோயிலிலும் கல்லறையிலும் மனிதரை மனிதர் பிரித்து வைக்கும் பாவத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாமும் அறிவோம். எனவே இதைத் தூரதேசத்துக் கதையாக மட்டும் வாசித்துவிட்டுப் போக நமக்கு வழியில்லை.

தாய்மொழியில் செபம்

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், மக்களுடைய மொழி வேறு, தம் தாய்மொழியாகிய பாஸ்க் வேறு, ஆதலால் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலவில்லை என்று சவேரியார் குறிப்பிடுகிறார். அதனால் இருமொழி அறிந்தவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மிகுந்த முயற்சியோடு மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று கற்பித்தார். அப்போது அவருடைய தாய்மொழியில் அச்சிட்ட நூல் ஒன்றுகூட இல்லை! முதல் பாஸ்க் நூல் அடுத்த ஆண்டு, 1545-இல்தான் போர்தோ நகரில் அச்சாயிற்று. அதை இயற்றியவர் பெர்னார்து எச்சேபாரே என்னும் பங்குக் குரு. அவர் பங்கு, சவேரியாரின் தந்தையாருடைய பூர்விக ஊர் இருக்கும் வட்டாரத்திலேயே இருந்தது. தமிழ்ச் செபங்கள் 1554-இல் லிஸ்பன் நகரில் உரோமை எழுத்திலும், 1578-இல் கொல்லத்தில் அண்ட்ரீக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலாகத் தமிழ் எழுத்திலும் அச்சேறின. இரு மொழிகளின் அச்சு வரலாற்றிலும் முதல் ஏட்டில் குருக்கள் நிற்கின்றனர்.

பாஸ்க் மொழி பட்ட பாடு கொஞ்சமன்று. பள்ளியில் அம்மொழி பேசிய பிள்ளையின் கையில் ஒரு மோதிரத்தைத் திணிப்பர். அடுத்துப் பேசும் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தால்தான் அதைக் கழற்றித் தரலாம். வார முடிவில் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அடி விழும். 1939 முதல் 1975 வரை நடந்த பிராங்கோவின் ஆட்சியில் பொதுவாழ்வில் அம்மொழி ஒடுக்கப்பட்டது. 1960-இல் 339 பாஸ்க் குருக்கள் கையொப்பமிட்டு, தம் மக்களுக்கு நேரும் அநீதியைத் தம் ஆயர்களுக்கு எழுதினர். மொழியை உண்மையில் காத்தவை அடுப்படியும் ஊர்க் கோயிலின் மறையுரையும் ஞானோபதேச வகுப்புமே. 1968-இல், ஆரன்சாசு மாதா திருத்தலத்தில் கூடிய மொழி அறிஞர்கள் பொதுவான எழுத்துமுறைக்கு அடிகோலினர். 1979-இல் வந்த தன்னாட்சிச் சட்டம் அம்மொழிக்கு அரசு மொழி என்னும் தகுதியை அளித்தது.

சவேரியார் 1552-இல் சீனக் கடற்கரைத் தீவில் காய்ச்சலால் வாடிக் கிடந்தபோது, அருகிலிருந்த சீன ஊழியர் அந்தோணிக்கு விளங்காத மொழியில் செபித்தார் என்பர். அது அவருடைய தாய்மொழி பாஸ்க் ஆக இருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். தாயின் மடியில் கற்ற செபம் கடைசி மூச்சு வரை உடன் வரும்.

இன்றைய நிலையும் நம் கடமையும்

இன்று பாஸ்க் கிராமங்களிலும் காலம் மாறிவிட்டது. தொழிற்சாலைகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. பண்ணை வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் குறைந்தனர். ஒரே குரு பல பங்குகளைக் கவனிக்கிறார். அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட மொழி மீண்டும் பள்ளிகளில் ஒலிக்கிறது. வீட்டுக்கொரு விளக்கோ பெரும்பாலான ஊர்களில் அணைந்துவிட்டது. சட்டம் போட்டு மொழியைப் பள்ளியில் கற்பிக்கலாம். இறந்த பாட்டிக்காக மெழுகுதிரி ஏற்றும்படி எந்தச் சட்டமும் பேத்தியைக் கட்டாயப்படுத்த இயலாது. அது வீட்டில் கையிலிருந்து கைக்குப் போக வேண்டிய பொருள்.

பங்கு மக்களே! இவ்விழாவை ஒட்டி நம் கோயிலுக்கு வண்ணம் பூசினோம், மகிழ்ச்சியே. ஆனால் நம் ஊரிலும் பூட்டிய வீடுகள் பெருகுகின்றன. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுள்ளனர். அதில் தவறில்லை, நம் பாதுகாவலரே வீட்டைவிட்டுப் போனவர்தாம். ஆனால் போனவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் இங்கே இருப்பவர் யார் செபிப்பது? நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் நம் தோட்டத்தில் திரி ஏற்றப்படாத கல்லறைகள் உள்ளன. பாஸ்க் மக்கள் வகுத்தது போல, பூட்டிய ஒவ்வொரு வீட்டின் இறந்தோரையும் பக்கத்து வீட்டார் 'முதல் அயலார்' என்னும் முறையில் ஏற்றுக்கொள்ளலாம். அந்த அயலார் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பாராமல் ஏற்றுக்கொள்வதே நம் விழாவுக்கு மெய்யான சிறப்பு.

வரும் கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்கு ஒரு திரியும், திரி இல்லாத ஒரு கல்லறைக்கு மற்றொரு திரியும் கொண்டுவரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அதைச் சிறுபிள்ளையின் கையில் கொடுத்து, இங்கே துயில்பவர் பெயர் இது என்று சொல்லிக்கொடுங்கள்.

புனித சவேரியாரின் மன்றாட்டால் இறைவன் நம் வீடுகளையும் நம் பங்கையும் ஆசீர்வதிப்பாராக!

— பங்குத்தந்தை